நான்காவதாக ஓர் ஆள்

உ

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
12.6.2025

பேத்தி விஜிக்கு,

அன்றைக்குப் பிளவக்கல் அணையில் இருந்தவர்கள்: நான், என் மகன் ராக்கப்பன், அவன் பெண்டாட்டி கனகலட்சுமி, அவளைப் பெற்ற பாலம்மாள், கனகலட்சுமியின் தம்பி ரத்தினம், ஆறு வயசுப் பிள்ளையாக நீ. வேன் ஓட்டி வந்த ஐயாதுரை வெளியே மரத்தடியில் தூங்கினான், அவனைச் சேர்க்கவில்லை. 2012, காணும் பொங்கல், செவ்வாய்க்கிழமை. போகும்போது ஆறு பேர், வரும்போது ஐந்து பேர்.

கேமராவைப் பற்றிக் கேட்டால் கிழவி எதை எழுதுகிறாள் என்று நினைப்பாய். அந்தக் கேமராவைப் பற்றி எனக்குத் தெரிந்தது இதுதான்.

நான் இருக்கிறேன். முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, வலது கண்ணில் புரை. மற்றபடி சோறு இறங்குகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனமுறை வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

உன்னோடு படிக்கிற பிள்ளைகள் எல்லாம் போனை விட்டுவிட்டு இந்த மாதிரிப் பழைய சின்னக் கேமராவுக்கு அலைகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஃபஸீலா என்கிற பிள்ளை இதைக் கேட்கிறாள், ஆனால் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துதான் வாங்குவாள் என்றும் எழுதியிருந்தாய். விவரமான பிள்ளை. என் அபிப்பிராயம்: அது வேண்டாத அளவுக்குச் சின்னது. சீட்டுக்கட்டைவிட ஒல்லி. ராக்கப்பன் சட்டைப் பையில் கிடந்தால் வெளியே தெரியாது. படம் எடுக்கிறவன் வருகிறான் என்றால் நாலு பேருக்குத் தெரிய வேண்டும், முந்தானையை இழுத்துவிட நேரம் வேண்டும். இது சட்டென்று வெளியே வரும், மினுக்கென்று வெட்டும், உள்ளே போய்விடும். நான் வாய் நிறைய வெற்றிலை மெல்லுகிற படம் ஒன்று அதில் இருக்கிறது. "அழிலே" என்றேன். "நல்லாத்தானம்மா இருக்க" என்று சிரித்தான்.

கேமரா என் பீரோவில் இருக்கிறது. சார்ஜர் உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும். பதின்மூன்று வருஷமாக இது இங்கே, அது அங்கே. உன் அம்மாவும் அதைக் கொடுத்தனுப்பவில்லை, நானும் இதைக் கொடுத்தனுப்பவில்லை.

இப்போது கொடுக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்கு அவனைக் கூப்பிட்டுப் படத்துக்குப் போய் நிற்கச் சொன்னது உன் அம்மா. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "நான்தான் சொன்னேன்" என்று அவள் கையால் ஒரு வரி எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். ஒரு வரி. அது வந்தால் இது வரும்.

அவளோடு பேசமாட்டேன் என்று வைத்தியநாத சுவாமி சன்னிதியில் சொல்லிவிட்டு வந்தவள் நான். எழுதியதைப் படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை.

இப்படிக்கு, உன் அப்பத்தா
குருவம்மாள்


ராஜபாளையம்.
21.6.2025

அன்புள்ள அப்பத்தாவுக்கு விஜி எழுதுவது.

இங்கே மூன்று பேரும் சுகம். பாலம்மாள் அம்மாச்சிக்கு மட்டும் சர்க்கரை கூடிவிட்டது. "உங்க அப்பத்தாகிட்ட சொல்லாத, சந்தோசப்படுவா" என்றாள். சொல்லிவிட்டேன்.

பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் உங்கள் வாசலில் நிற்பேன். நமக்குள் தபால் ஒரு கேடா என்று ரத்தினம் மாமா சிரிக்கிறார். நேரில் கேட்டால், அம்மா பேர் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறீர்கள். கடிதத்தைப் படிக்கும்போது எங்கே போவீர்கள்?

ஃபஸீலாவுக்காக எல்லோரிடமும் கேட்டு எழுதி வைத்தேன். ரத்தினம் மாமா சொன்னது: "வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. குத்துமதிப்பாகத்தான் அமுக்க வேண்டும்." அம்மாச்சி சொன்னது: "என்னைக் கறுப்பாகக் காட்டும்." அம்மா சொன்னது: "பட்டன் ரொம்பச் சின்னது. பெருவிரல் பட்டால் எது மாறியது என்றே தெரியாது." அப்பாவின் அபிப்பிராயத்தை அம்மாதான் சொன்னாள். இதைவிட நல்ல கேமரா ராஜபாளையத்தில் எவனிடமும் கிடையாது என்று அவர் எல்லோரிடமும் சொல்வாராம். கேட்காதவர்களிடமும் சொல்வாராம்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், தலையெல்லாம் பஞ்சு. நின்றபடியே படித்தாள். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

"எழுதப்போறியாம்மா?" என்று கேட்டேன்.

"என்னத்த எழுத" என்றாள். அவ்வளவுதான்.

எனக்கு அன்றைக்கு நடந்தது எதுவும் நினைவில்லை அப்பத்தா. தண்ணீரின் சத்தம் மட்டும் இருக்கிறது. அதுகூட அந்தத் தண்ணீர்தானா என்று தெரியாது.

கண் ஆஸ்பத்திரிக்குப் போக நாள் சொல்லுங்கள், வருகிறேன்.

விஜி


உ

ஸ்ரீவில்லிபுத்தூர்.
2.7.2025

கனகலட்சுமிக்கு,

பிள்ளை மூலமாகச் சொல்லியாயிற்று. இனி நேராகவே எழுதுகிறேன். நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் ஒன்றும் மறக்காது. உன் கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பெற்றவள் என்று பாராமல் உன் அம்மா என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தாள். எனக்கு இடது கைப்பக்கம் தூண். அப்பளம் உடைந்த அப்பளம். ரசம் வரும்போது பாயசம் தீர்ந்துவிட்டது என்றார்கள். இருபத்தோரு வருஷம் ஆகிறது. தூணில் ஒட்டியிருந்த சந்தன விரல் அடையாளம் உட்பட இப்போதும் சொல்வேன்.

அப்படிப்பட்ட எனக்கு அந்த நாளா மறக்கும்? நான் பாறையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். கேமரா உன் கையில். அவன் உன் பக்கத்தில் நின்று, எதை அமுக்க வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தான். எதிரே உன் அம்மா, உன் தம்பி, விஜி. மூன்று பேர். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது. இது தெரியாத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. உனக்கும் தெரிந்தது. அதனால் சொன்னாய்: "ஏங்க, நீங்களும் போய் நில்லுங்க, நாலு பேரா இருக்கட்டும்." இதே வார்த்தை. அவன் போனான். நிற்க இடமில்லை. ஓரத்துக் கல்லில் ஏறினான். பாசி. வழுக்கித் தலை பாறையில் பட்டது. தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

நீ வேண்டுமென்று செய்தாய் என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. சொன்னாய் என்றுதான் சொல்கிறேன். பதின்மூன்று வருஷமாக இல்லை என்றும் சொல்லாமல், ஆமாம் என்றும் சொல்லாமல் இருக்கிறாய். எனக்கு எழுபத்து நாலு நடக்கிறது. ஒரு வரி எழுத எவ்வளவு மை ஆகும்?

ராக்கப்பன் தாயார்
குருவம்மாள்


ராஜபாளையம்.
9.8.2025

அத்தைக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. தறியில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், அந்த வேலையும் என் தலையில். உடம்பு பரவாயில்லை. அம்மாவுக்குக் காலில் புண், கட்டு மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு மட்டும் குறைவில்லை, பேண்டேஜ் வீட்டிலேயே கிடக்கிறது.

சார்ஜரைத் தேடி எடுத்தேன். அவிய சட்டை அலமாரியில், மேல்தட்டில் இருந்தது. வயரை எலி கடிக்கவில்லை. துடைத்து வைத்திருக்கிறேன். விஜி கையில் கொடுத்தனுப்பவா?

முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்க்கச் சொல்லி யாராவது இருக்கிறார்களா? குளிர்ந்த தரையில் உட்காராதீர்கள்.

கனகலட்சுமி


உ

ஸ்ரீவில்லிபுத்தூர்.
14.8.2025

கனகலட்சுமிக்கு,

நான் கேட்டது சார்ஜர் இல்லை.

உன் அம்மா புண் ஆறட்டும். சர்க்கரைப் புண் என்றால் வெறுங்காலோடு நடக்க விடாதே. இதை நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

கண் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். புரையை எடுக்கலாம், அதற்கு முன் நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நெஞ்சைப் பார்த்தவர் அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். "கூட யாரும் வரலையாம்மா?" என்றார். "இருந்தா வருவாகள்ல" என்றேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்.

ஐயாதுரை இப்போது வேனை விற்றுவிட்டு ஆட்டோ ஓட்டுகிறான். அவன்தான் கூட்டிப் போனான். வழியில் அவனாகவே அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தான். "நான் தூங்காம இருந்திருந்தா எறங்கித் தூக்கியிருப்பேன் பெரியம்மா" என்றான். பார், தூங்கியவன்கூடத் தன் பங்கைச் சொல்கிறான்.

நான் இருக்கும்போதே எழுது. போன பிறகு எழுதி யாருக்கு அனுப்புவாய்?

குருவம்மாள்


ராஜபாளையம்.
28.9.2025

அத்தைக்கு,

மாத்திரையை விடாமல் போடுங்கள். விஜி சொன்னாள், காலையில் போடுவதை மறந்துவிடுகிறீர்களாம்.

நீங்கள் கேட்டது: அன்றைக்கு அவரை நான்தான் கூப்பிட்டேன். அந்தக் கல்லில் ஏறி நிற்கச் சொன்னதும் நான்தான்.

அம்மாவின் புண் காய்ந்துவிட்டது. இங்கே இரண்டு நாளாக மழை.

கனகலட்சுமி


உ

ஸ்ரீவில்லிபுத்தூர்.
4.10.2025

கனகலட்சுமிக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரன் கையிலிருந்து வாங்கி, வாசலிலேயே படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். அந்த வரி இருந்தது.

பிறகு உள்ளே வந்து கத்தரிக்காய் நறுக்கினேன். குழம்பு கொதித்தது. உப்புப் பார்த்தேன், சரியாக இருந்தது. சாப்பிட்டேன். பாத்திரம் கழுவினேன். இந்த வரி வந்தால் வாய்விட்டு அழுவேன் என்று வைத்திருந்தேன். எத்தனையோ வருஷமாக அழுகையை அதற்கென்று எடுத்து வைத்திருந்தேன். வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து கறிவேப்பிலை கேட்டாள், ஒடித்துக் கொடுத்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். நான் எழுதிய கடிதத்தில் நீ அவனைப் போய் நிற்கச் சொன்னாய் என்றுதான் இருந்தது. கல்லில் ஏறச் சொன்னாய் என்று நான் எழுதவில்லை. இடமில்லாமல் அவனாக ஏறினான் என்றுதான் நினைத்திருந்தேன். கல்லில் ஏறு என்று ஒருவர் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. எனக்கு மறக்காது. நீ ஏன் அதையும் சேர்த்து எழுதினாய்?

வாக்குக் கொடுத்தபடி கேமராவை ஐயாதுரையிடம் கொடுத்தனுப்புகிறேன். அன்றைக்குப் போட்டிருந்த சட்டையில்தான் சுற்றி வைத்திருந்தேன். சட்டையை எடுத்துவிட்டேன், அது எனக்கு. வேறு துணியில் சுற்றியிருக்கிறது.

குருவம்மாள்


ராஜபாளையம்.
18.10.2025

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கிறது. நீங்கள் எண்ணெய்ச் சட்டி பக்கம் போகாதீர்கள், அதிரசம் இங்கிருந்து வரும். நெஞ்சு எப்படி இருக்கிறது?

கேமரா வந்து சேர்ந்தது. பழைய பேட்டரி ஊதி, உள்ளேயே சிக்கிக்கொண்டது. ரத்தினம் மாமா அதைத் தட்டி எடுத்தார். மதுரையிலிருந்து வேறு பேட்டரி வரவழைத்தேன். சார்ஜரில் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா கை வேலையை விட்டுவிட்டு வந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நூற்றுப் பன்னிரண்டு படம் இருக்கிறது. ஆண்டாள் தேர் மூன்று. நான் மொட்டையோடு நாலு. நீங்கள் வெற்றிலை மெல்லுகிற படம் இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. சஞ்சீவி மலை மேல் மேகம். எங்கள் வீட்டுக் குழாயடி. எதற்கென்றே தெரியாமல் ஒரு பஸ் டிக்கெட். எல்லாவற்றிலும் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தேதி.

நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றில்கூட அப்பா இல்லை. எடுத்ததெல்லாம் அவர்தானே. கேமராவை வேறு யார் கையிலும் லேசில் கொடுக்கமாட்டாராம்.

கடைசியில் ஒரு வீடியோ இருக்கிறது. நாற்பத்தொரு விநாடி. அதில் அவர் இருக்கிறார்.

ஃபஸீலாவிடம் கேமரா இப்போது இல்லை என்று சொல்லிவிட்டேன். பரீட்சை வருகிறது, கொஞ்ச நாளைக்கு அங்கே வர முடியாது. அம்மா உங்களைக் கேட்டாள்.

விஜி


உ

ஸ்ரீவில்லிபுத்தூர்.
24.10.2025

விஜிக்கு,

அதிரசம் வந்தது. உன் அம்மா கைப்பாகு. சொல்லாவிட்டாலும் தெரியும்.

பரீட்சை நவம்பர் கடைசியில் என்று நீதான் போன மாதம் சொன்னாய். எனக்கு மறக்காது என்று உனக்கும் தெரியும். அவன் இருக்கிற வீடியோ என்று எழுதிவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று எழுதாமல் விட்டிருக்கிறாய். மொட்டைத் தலையை எண்ணி எழுதத் தெரிந்தவளுக்கு நாற்பத்தொரு விநாடியை எழுதத் தெரியாதா?

என் மகன் நடக்கிறதை நான் பார்த்துப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. கேமராவைத் திருப்பி அனுப்பு.

அப்பத்தா


ராஜபாளையம்.
10.11.2025

அத்தைக்கு நமஸ்காரம்.

விஜிக்கு எழுத வரவில்லை. இரண்டு தடவை உட்கார்ந்தாள், எழுந்துவிட்டாள். அதனால் நான்.

கேமராவை இதோடு அனுப்புகிறேன். மேலே வட்டப் பட்டனை அமுக்கினால் திறக்கும். பின்னால் அம்புக்குறி போட்ட பட்டனை அமுக்கினால் கடைசியாக எடுத்தது வரும். நடுவில் இருப்பதை அமுக்கினால் ஓடும். சத்தம் குறைவாகத்தான் வரும், காதோரம் வைத்துக் கேளுங்கள். தனியாகப் பார்க்க வேண்டாம். விஜி வரட்டுமா? நான் வந்தால் உங்களுக்கு ஆகாது. வாசலில் நிற்கிறேன்.

இப்படி ஒன்று அதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. போட்டோ என்று நினைத்துத்தான் அமுக்கினேன். பெருவிரல் பட்டு மாறியிருக்கிறது. தெரிந்திருந்தால் அந்த ஒரு வரியை எழுதியிருக்கமாட்டேன். எழுதியது பொய். நீங்கள் கேட்டதால் எழுதினேன்.

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவர் போய்ப் பதினோரு நாள் நீங்கள் ஒரு வாய் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். உங்களையும் சேர்த்துத் தூக்க வேண்டியதுதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் நான் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து உட்கார்ந்து, "நீதாண்டி கூப்பிட்ட, நீ கூப்பிடாட்டி எம்புள்ள போயிருக்க மாட்டான்" என்றீர்கள். தெருவே கேட்கிற மாதிரி கத்தினீர்கள். கத்தி முடித்ததும் காப்பி கேட்டீர்கள். நான்தான் போட்டுக் கொடுத்தேன். முழுதும் குடித்தீர்கள். மத்தியானம் சாப்பிட்டீர்கள்.

அதற்குப் பிறகு எதைச் சொல்ல?

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நான் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தேன். தாங்கினேன் என்றுதான் நினைக்கிறேன். தறிச் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கனகலட்சுமி


உ

ஸ்ரீவில்லிபுத்தூர்.
3.12.2025

கனகலட்சுமிக்கும் விஜிக்கும்,

இரண்டு பேரும் சுகமாக இருங்கள். பாலம்மாளும் சுகமாக இருக்கட்டும். என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கேமரா வந்த மறுநாள் காலையில் பார்த்தேன். தனியாகத்தான். வேறு யாரை வைத்துக்கொண்டு பார்ப்பது?

முதலில் தரை தெரிகிறது, கனகலட்சுமியின் செருப்பு தெரிகிறது. அவன் குரல்: "இத அமுக்கு, அத இல்ல." பிறகு கேமரா நிமிர்கிறது. பாலம்மாள், ரத்தினம், நடுவில் விஜி. அப்புறம் ஒரு பொம்பளை கத்துகிறாள். ஆளைக் காணோம், குரல் மட்டும். யாரடா இது, அதிகாரம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை ஓடவிட்டபோதுதான் என் குரல் என்று தெரிந்தது.

"ஏட்டி கனகம், மூணு பேரா நிக்க வச்சு எடுக்காத. ஒருத்தருக்கு ஆகாது."

"அப்ப நீங்க வாங்கத்தை. எங்கம்மா பக்கத்துல எடம் இருக்கு பாருங்க."

"உங்கம்மா பக்கத்துல நான் நிக்கவா? என்னைய ரெண்டாம் பந்தியில உக்கார வச்சவ பக்கத்துலயா? ஏலே ராக்கா, நீ போய் நில்லு."

"மாமியாள ஒட்டி எப்படி நிக்க? வேற எடம் இல்லம்மா."

"அந்தா கல்லு கெடக்குல்ல, அதுல ஏறி நில்லேன்."

"சரிம்மா."

அவன் நடக்கிறான். முதுகு தெரிகிறது, நான் வைத்திருக்கிற சட்டை. கல்லில் ஏறித் திரும்புகிறான். விஜி தலையில் கை வைக்கிறான். சிரிக்கிறான். பிறகு கேமரா கீழே விழுந்திருக்கிறது. மீதி முழுவதும் வானம்தான். நான் கத்துகிறது கேட்கிறது.

மூன்று பேராக நிற்கக்கூடாது என்று ஒரு ஆளைக் கூட்டினேன். நான் போய் நின்றிருந்தால் நாலு பேர். எனக்கு இடம் இருந்தது. கல்லில் ஏற வேண்டியதில்லை.

நீ கூப்பிட்டதாக ஒவ்வொரு எழுத்தும் எனக்கு ஞாபகம் இருந்தது. உன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்றுகூடச் சொல்லியிருப்பேன். அந்த ஞாபகம் இப்போதும் அப்படியே இருக்கிறது, போகவில்லை. வீடியோ ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

இன்றோடு பத்தொன்பது நாள். அழுகை வரவில்லை. கோயிலுக்குப் போனேன். கனகலட்சுமியோடு பேசமாட்டேன் என்று சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சன்னிதியில் சொன்னேன். நீ வா. வாசலில் நிற்க வேண்டாம், உள்ளே வா. பேச எனக்கு ஒன்றும் இருக்காது. நீ உட்கார்ந்திரு, நான் காப்பி போடுகிறேன்.

விஜி, அந்த வீடியோவை உனக்குத் தெரிந்த இடத்தில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, கேமராவை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடு. இந்த வீட்டில் அதற்கு இனி வேலை இல்லை. என் அபிப்பிராயம் என்று முன்னே எழுதிக் கொடுத்ததை அடித்துவிட்டு இதைச் சேர்: நல்ல கேமரா, காது நன்றாகக் கேட்கும், பக்கத்தில் நின்று பேசுகிறவர்கள் பார்த்துப் பேச வேண்டும்.

பாலம்மாளிடம் சொல்: பந்தி விஷயத்தை விட்டுவிட்டேன். ரத்தினம் கைகொடுத்துத் தூக்கியிருக்கலாம் என்று அவன் மேலும் ஒன்று வைத்திருந்தேன், அதையும் விட்டேன். ஐயாதுரை தூங்கியதை விட்டேன். கனகலட்சுமி, நீ பொய் எழுதியதையும், அதற்கு முன்னால் எழுதாமல் இருந்ததையும் விட்டேன். என்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

ஒருவனை மட்டும் விட முடியவில்லை. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தேன், தறிக்குப் போனான். சொந்தத்தில் பெண் பார்த்தேன், உன்னைக் கட்டினான். தலைக்கு எண்ணெய் வை என்றால் வைக்கமாட்டான். சாப்பிட வா என்றால் ஒரு தடவையில் வந்ததில்லை. "போம்மா, ஒனக்கு வேற வேல இல்ல" என்பான். முப்பத்து நாலு வருஷமும் அப்படித்தான். அன்றைக்கும் முதலில் இடம் இல்லை என்றுதான் சொன்னான். அதோடு நின்றிருக்கலாம். போம்மா என்று சொல்லியிருக்கலாம், நான் இரண்டு வசவு வைதுவிட்டு நானே எழுந்து போயிருப்பேன். என் பேச்சைக் கேட்கிறதற்கு அவனுக்கு வேறு நாள் கிடைக்கவில்லை. அவனை நான் மன்னிக்க மாட்டேன், ராக்கப்பனை.